மண் மாதிரிக் கல்

இந்த வாரம் பழைய சிப்களைப் பற்றிக் கதைக்கேக்க 'ஜியோட்' எண்ட பெயர் வந்தது. நேஷனல் செமிகண்டக்டர் தயாரித்த இந்த வரிசையை 2003இல் ஏஎம்டி வாங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்காக 2007இல் வந்த அந்தப் பச்சை-வெள்ளை எக்ஸ்ஓ-1 லாப்டாப்புக்குள்ள ஓடினதும் 433 மெகாஹெர்ட்ஸ் ஜியோட்தான். ஆனா பெயர் கல்லின்ர பெயர்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது வாயுக் குமிழிகள் பொந்துகளாக மிஞ்சும். சிலிக்கா கரைந்த தண்ணீர் அதற்குள் கசிந்து, சுவரிலிருந்து நடுவை நோக்கிப் படிகம் வளரும். நடுவில் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சினால்தான் அது ஜியோட். மகாராஷ்டிராவில், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காணப் பாறைகளில், ஜல்காவ், நாசிக் பக்கத்துக் குவாரிகளில் இவை கிடைக்கின்றன. உள்ளே பெரும்பாலும் குவார்ட்ஸ். உங்கட கைக்கடிகாரத்துக்குள்ள ஒரு செக்கனுக்கு 32,768 தரம் அதிர்கிறதும் அதே கனிமம்தான், ஆய்வுகூடத்தில் வளர்த்தது.

இனிச் சொல்லுக்கு வருவம். கிரேக்கத்தில் 'கே' எண்டால் மண், பூமி. 'ஓடெஸ்' எண்டால் போன்றது. மொத்தத்தில் 'மண் மாதிரி'. படிகத்தைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை! கல்லை உடைக்காமலே ஆரோ வைத்த பெயர் எண்டுதான் எனக்குப் படுகுது.

பெயர் வெளியில ஒண்டைக் காட்டி உள்ள இன்னொண்டை வச்சிருக்கிறது எங்கட ஏரியாவுக்கும் பொருந்தும். 'கோலியர்' எண்டவுடன நிலக்கரிச் சுரங்கம்தான் ஞாபகம் வரும். கோலியர்ஸ் வுட்டில் சுரங்கமே இருந்ததில்லை. பெயரில் இருக்கிறவை மரத்தை எரித்துக் கரி சுட்டவை. இப்ப அந்தக் காடும் இல்லை. 1926இல் திறந்த நோர்தர்ன் லைன் ஸ்டேஷன் நிற்குது.

என்ர மேசையில் ஒரு சின்ன ஊதா ஜியோட் இருக்கு. அம்மம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "இதுக்குத் தமிழில என்ன பேர்?" எண்டு கேட்டா. நான் 'ஜியோட்' எண்டன். அவவுக்குத் திருப்தி இல்லை. "வெளியில கரடு, உள்ள முத்து முத்தா. மாதுளங்கல் எண்டு சொல்லன்."

ஒரு சிக்கல் இருக்கு: ஆங்கிலத்தில் 'கார்னெட்' எண்ட சிவப்புக் கல்லின் பெயரும் மாதுளையிலிருந்து வந்ததுதான். எண்டாலும், இது உள்ளே பார்த்து வைத்த பெயர். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. உங்கட வீட்டில என்னெண்டு சொல்லுவினம்? எழுதி அனுப்புங்கோ.