உங்களுக்குத் தெரியுமா? திரைக்கு வந்த எம். ஆர். ஜேம்ஸின் பேய்கள்

எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936) பழங்காலக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர். கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டவே பல பேய்க்கதைகளை எழுதினார்.

அவரது ‘காஸ்டிங் த ரூன்ஸ்’ சிறுகதை 1957இல் ‘நைட் ஆஃப் த டீமன்’ என்ற படமானது. பூதத்தைக் கண்ணில் காட்டாமலே மிரட்ட நினைத்தார் இயக்குநர் ஜாக் டூர்னர். தயாரிப்புத் தரப்போ அதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது. ராட்சத பொம்மை போன்ற அந்த உருவத்தைவிட, காட்டில் துரத்தும் வெறும் புகைதான் இன்றும் பயமுறுத்துகிறது.

1968இல் ஜோனதன் மில்லர் பிபிசிக்காக எடுத்த ‘விசில் அண்ட் ஐ’ல் கம் டு யூ’ மறைத்துக் காட்டுவதில் தேர்ந்தது. ஆளில்லாத கடற்கரை, தனக்குத்தானே முணுமுணுக்கும் பேராசிரியராக மைக்கேல் ஹார்டன், எழுந்து நிற்கும் ஒரு படுக்கை விரிப்பு: அச்சத்துக்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

பிபிசி 1971 முதல் ஆண்டுதோறும் ஒரு கிறிஸ்துமஸ் பேய்ப்படம் ஒளிபரப்பியது. முதல் ஐந்தும் ஜேம்ஸின் கதைகள். இயக்கியவர் லாரன்ஸ் கார்டன் கிளார்க். 1976இல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘த சிக்னல்மேன்’ கதைக்கு இடம் கிடைத்தது. 1978இல் நின்றுபோன இவ்வரிசை 2005இல் மீண்டும் தொடங்கியது, அதுவும் ஜேம்ஸ் கதையோடுதான்.