நன்றி சொல்வதும் நன்றி அறிவதும்

2024 ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். “இந்த வருசம் நீங்க யாருக்கு நன்றி சொல்லணும்னு நினைக்கிறீங்களோ, அவங்களுக்கு எழுதுங்க” என்றேன். பத்து நிமிடத்தில் எல்லாத் தாள்களும் மேசைக்கு வந்துவிட்டன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம். “எனக்குப் பாடம் கற்றுக் கொடுத்த ஆசிரியருக்கு நன்றி.” சிலவற்றில் ஒரு பூவும் இதயமும் வரைந்திருந்தார்கள். படிக்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் யார் என்ன செய்தார், அதனால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பது ஒரு தாளிலும் இல்லை.

தவறு பிள்ளைகளுடையதன்று. நன்றி சொல்லச் சொன்ன நான், நன்றியை அறிய அவர்களுக்கு வழி காட்டவில்லை. அதன் பிறகு நான் படித்தவற்றையும், அடுத்த ஆண்டு வகுப்பில் செய்து பார்த்தவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

சொல்லிலேயே இருக்கும் பாடம்

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. செய்ந்நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மை. வள்ளுவர் அதிகாரத்துக்கு ‘நன்றி கூறல்’ என்று பெயரிடவில்லை. ‘அறிதல்’ என்றே பெயரிட்டார். அறிதல் என்றால் அது கற்கக்கூடியது, கற்பிக்கவும் கூடியது.

இதே கருத்து நமக்குத் தொலைவான ஒரு மொழியிலும் உள்ளது. எபிரேய மொழியில் நன்றியுணர்வை ‘ஹகாரத் ஹதோவ்’ என்பார்கள். நல்லதை இனங்கண்டு அறிதல் என்பது அதன் நேர்ப்பொருள். சமயக் கல்வியையும் கணக்கு, அறிவியல் போன்ற பொதுப்பாடங்களையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் யூதப் பள்ளிகளில் இது பிள்ளைகளுக்குப் பழக்கப்படுத்தப்படும் அடிப்படைப் பண்புகளில் ஒன்று.

இதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. எகிப்தில் மோசே காலத்தில் ஆற்று நீர் இரத்தமாக மாறியதாக விவிலியம் கூறும். அப்போது ஆற்றின் மீது கோலை ஓங்கியவர் மோசே அல்லர். அவருடைய அண்ணன் ஆரோன். ஏன் அப்படி என்று கேட்ட யூத உரையாசிரியர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். மோசே குழந்தையாக இருந்தபோது கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்டார். அன்று தன்னைக் காப்பாற்றிய ஆற்றை அவரே அடிக்கக் கூடாது என்பதுதான் அந்த விளக்கம். ஆற்றுக்கு வலிக்காது, ஆனாலும் நன்மை பெற்றவன் அதை மறக்கக் கூடாது.

இதை நம் பிள்ளைகளுக்கு விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. புத்தகத்தில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுபவர்கள். பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவருவதே நம் வேலை.

யூத மரபில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு நூலைப் படித்து முடித்ததும் ‘சியூம்’ என்னும் நிறைவு விழா எடுப்பார்கள். அப்போது அந்த நூலை நோக்கியே, மீண்டும் உன்னிடம் வருவோம் என்ற பொருளில் உறுதி கூறுவார்கள். படித்ததை மூட்டை கட்டி வைப்பதற்கு நேர்மாறான விழா அது. ஆண்டிறுதி நிகழ்வை எப்படி அமைக்கலாம் என்பதற்கு எனக்கு இது நல்ல குறிப்பாக இருந்தது.

வகுப்பில் செய்து பார்த்தது

2025 மார்ச் கடைசி வாரத்தில் ஐந்து பாடவேளைகளை இதற்கென ஒதுக்கினேன். தமிழ்ப் பாடத்தின் கடிதம் எழுதுதல், நேர்காணல் ஆகிய திறன்களோடு சேர்த்துக்கொண்டதால் தனி நேரம் தேடவில்லை.

முதல் பாடவேளை, ஆண்டை நினைவுகூர்தல். கரும்பலகையில் ஜூன் முதல் மார்ச் வரை மாதங்களை வரிசையாக எழுதினேன். ஒவ்வொரு மாதமும் என்ன நடந்தது என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல நிரப்பினோம். நவம்பர் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தடியில் வெள்ளம் உயர்ந்ததால் ரயில்கள் நின்றன. எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பை நனைந்தது. சிலருக்குக் கூரையே போனது.

இரண்டாம் பாடவேளை, “யார் செய்தது?” கரும்பலகையில் உள்ள ஒவ்வொன்றையும் காட்டி இந்தக் கேள்வியைக் கேட்டேன். “கரண்டு வந்துச்சு மிஸ்” என்றான் ஒருவன். தானாகவா வந்தது? “லைன்மேன் அண்ணன் தண்ணியில நின்னு கம்பம் ஏறினாரு.” “நோட்டு திரும்பக் கிடைச்சுது.” யார் தந்தது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மதிய இடைவேளையில் நான்கு நாள் உட்கார்ந்து எழுதித் தந்திருக்கிறாள். அதே வகுப்பறையில் இருந்த எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் பாடவேளை, நேரில் கேட்டறிதல். பிள்ளைகள் நான்கு குழுவாகப் பிரிந்து தூய்மைப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், காலை உணவு சமைக்கும் அக்கா, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய் ஆகியோரிடம் பேசினார்கள். மூன்று கேள்விகள் மட்டும். எத்தனை மணிக்கு எழுவீர்கள்? இந்த வேலையில் எது கடினம்? எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

காலை உணவு அக்கா விடியற்காலை நாலரைக்கு எழுவதாகச் சொன்னார். அப்போது ஒரு சிறுமி எழுதி வைத்துக்கொள்ளாத நான்காவது கேள்வி ஒன்றைக் கேட்டாள். “உங்க வீட்டுப் பிள்ளைக்கு யாருக்கா சாப்பாடு போடுவாங்க?” அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, “அவன் ஏழாவது படிக்கிறான் கண்ணு. பழையது இருக்கும், தானே போட்டுத் தின்னுட்டுக் கிளம்பிடுவான்” என்றார். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கள் பிள்ளைகளுக்குச் சூடாகப் பொங்கல் போடுபவரின் மகன் பழையது தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். அன்று பிள்ளைகள் எதையோ அறிந்தார்கள். நானும் அறிந்தேன்.

நான்காம் பாடவேளை, எழுதுதல். மூன்று வரி போதும் என்றேன். அவர் என்ன செய்தார்? அதற்காக அவர் எதைப் பொறுத்துக்கொண்டார், எதை விட்டுக்கொடுத்தார்? அதனால் எனக்கு என்ன ஆயிற்று? இரண்டாவது வரிதான் கடினம். அதை எழுத முடியாதவர்களை மீண்டும் போய்க் கேட்டுவரச் சொன்னேன். ‘நன்றி’ என்ற சொல்லை எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பலர் எழுதவில்லை. அந்தத் தாள்களில்தான் நன்றி நிறைந்திருந்தது.

ஐந்தாம் பாடவேளை, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தல். எழுதியவரே உரியவர் முன் நின்று வாசித்துக் கொடுத்தார். மேடை, ஒலிபெருக்கி, நிழற்படம் எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

முதலாவதும் முக்கியமானதும், உரிமையையும் நன்றியையும் குழப்பக் கூடாது. பாடநூல், சீருடை, காலை உணவு, கல்வி ஆகியவை நம் பிள்ளைகளின் உரிமை. இவற்றைப் பெற்றதற்காக ஏழைப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கைகூப்ப வைத்தால், அவன் கற்றுக்கொள்வது நன்றியறிதலை அன்று. தான் பிறரைவிடத் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தைத்தான். உணவு உரிமை. ஆனால் நாலரை மணிக்கு எழுந்து அதை அக்கறையோடு சமைப்பவரின் உழைப்பை அறிவது பண்பு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே பேசலாம். அவர்களுக்குப் புரிகிறது.

இரண்டாவது, வருத்தத்துக்கும் இடம் வேண்டும். “இந்த வருசம் எனக்கு ஒண்ணுமே நல்லது நடக்கல” என்று ஒரு பிள்ளை எழுதினால் திருத்தச் சொல்லக் கூடாது. புயலில் வீடு இழந்த பிள்ளையிடம் நல்லதை மட்டும் எழுது என்பது கொடுமை. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, பிறகு தனியாகப் பேசுவதே நம் கடமை.

மூன்றாவது, இதைப் போட்டியாக்க வேண்டாம். சிறந்த கடிதத்துக்குப் பரிசு என்று அறிவித்தால், அடுத்த நாளே பழைய ஒரே வாக்கியம் அழகான கையெழுத்தில் திரும்பி வரும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு

விழுப்புரத்தில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் என் தோழி இதைப் பிப்ரவரியில் செய்தார். மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் நேரம் இருக்காது. அவருடைய மாணவர்கள் நகரப் பேருந்து நடத்துநருக்கும், நூலகருக்கும், கூடப் படித்த நண்பர்களுக்கும் எழுதினார்கள்.

வளர்ந்த மாணவர்களை இன்னும் ஒரு படி மேலே அழைத்துச் செல்லலாம். நாம் நேரில் காணாதவர் செய்த நன்மையை அறிதல் அது. பள்ளி வாயிலில் உள்ள கல்வெட்டை வாசித்து, நிலம் தந்தவர் யார், கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது என்று விசாரித்து எழுதச் சொல்லலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவராக முடிவெடுத்தது திண்டிவனத்தில்தான். பெண் மருத்துவர் இல்லாததால் ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் உயிரிழந்ததே அதற்குக் காரணம். இது திண்டிவனத்தில் படிக்கும் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

கொல்கத்தாவில் யூதப் பெண்குழந்தைகளுக்காக 1881இல் தொடங்கப்பட்ட பள்ளி ஒன்று இன்றும் நடக்கிறது. யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் வெளிநாடு சென்றுவிட்டன. இப்போது அங்குப் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியர். யாரோ யாருக்காகவோ கட்டியதில் வேறு யாரோ படிக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

வராத பிள்ளை

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. பெற்றோர் செங்கல் சூளைக்குப் போனபோது அவனையும் அழைத்துச் சென்றுவிட்டார்கள். திண்டிவனம், விழுப்புரம் பகுதி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விடுப்புக் குறியே தொடர்ந்துகொண்டிருந்தது.

கடிதம் எழுதும் நாளில் ஒரு பிள்ளை கேட்டாள். “மிஸ், அவனுக்கு எழுதலாமா? மழை அன்னைக்கு என் தம்பியைத் தோள்ல தூக்கிட்டு வந்து வீட்ல விட்டான்.” அதைத் தொடர்ந்து மேலும் ஏழெட்டுப் பேர் அவனுக்கே எழுதினார்கள். பம்பரம் விடக் கற்றுத் தந்தவன் அவன். வகுப்பறைக்குள் பாம்பு வந்தபோது பதறாமல் எல்லாரையும் வெளியே நகர்த்தியவன் அவன். வாசிப்பில் பின்தங்கியவன் என்றே நான் அவனைக் குறித்து வைத்திருந்தேன். கடிதங்களில் இருந்தவன் வேறொருவன்.

அந்தத் தாள்களை ஊரில் இருந்த அவன் பாட்டியிடம் கொடுத்தனுப்பினோம். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநரிடமும் சூளை இருக்கும் இடத்தைத் தெரிவித்தோம். பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிய ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. உன்னைத் தேடுகிறோம் என்று ஒரு பள்ளி ஒரு பிள்ளைக்குச் சொல்வதும் நன்றியறிதல்தான்.

நம் தாள்

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் எழுதும் நேரத்தில் நாமும் ஒரு தாள் எடுத்து எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்தப் பிள்ளை இந்த ஆண்டு எனக்கோ வகுப்புக்கோ செய்த நன்மை ஒன்றை எழுதுவது. முப்பது பெயர்களில் இருபதுக்கு உடனே எழுதிவிடலாம். மீதிப் பத்தில் பேனா நிற்கும். எனக்கு நின்றது. நான் சரியாகப் பார்க்காத பிள்ளைகள் யார் என்பதை அந்தப் பத்துப் பெயர்களே காட்டின. ஆண்டு முடிய இன்னும் சில நாள்கள் இருந்ததால், அவர்களைக் கவனித்துத் தாளை நிரப்ப முடிந்தது.

அந்தத் தாளின் படி ஒன்றை ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தேன். மதிப்பெண் பட்டியல் அவருக்கு எப்படியும் கிடைத்துவிடும். பிள்ளையைப் பற்றி முதலில் தெரியவரும் செய்தி அவன் செய்த நன்மையாக இருக்கட்டுமே என்றுதான்.