வழிநடைக்கு ஏற்ற தாளம்

உடற்பயிற்சியின்போது கேட்கும் இசை இரண்டு வேலைகளைச் செய்கிறது. களைப்பின் பக்கம் போகும் மனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கைகால் அசைவுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுக்கிறது. ஆய்வாளர்கள் இதை அளக்கத் தொடங்கி நூறாண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. தென்காசி வட்டாரத்திலோ அதற்கு முன்பே நடைக்கென்று பாட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊத்துமலை ஜமீனின் ஆதரவில் இருந்த புலவர். ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் காவடி எடுத்துக் கழுகுமலை முருகனைக் காண நடந்தபோது, உடன் சென்று பாடியவையே காவடிச் சிந்து என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தோளில் காவடி, காலடியில் கரிசல் மண், தலைக்கு மேல் வெயில். அந்த நிலையில் வாய்விட்டுப் பாட வேண்டிய பாட்டு அது. அளவொத்த இரண்டு அடிகள். பெரும்பாலும் துள்ளி ஓடும் மும்மை நடை. அடுத்த சொல்லை முன்கூட்டியே நாவுக்குக் கொண்டுவரும் இயைபு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். அவர் பாடும் நேரம் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம்.

இசைக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைக் காட்டிய முதல் அளவீடுகளில் ஒன்று 1911-இல் வெளிவந்தது. நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில் பேண்டு வாசித்த நேரத்தில் வீரர்களின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 31.5 கி.மீ.; வாசிக்காதபோது 28.8 கி.மீ. அதைக் கவனித்து எழுதியவர் லியோனார்டு ஏயர்ஸ். 2020-இல் 139 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசை உற்சாகத்தைக் கூட்டுகிறது, உழைப்பின் கடுமையைக் குறைத்துக் காட்டுகிறது, செயல்திறனையும் ஓரளவு உயர்த்துகிறது என்று தெரிந்தது. இதயத் துடிப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதயம் அதே பாடுதான் படுகிறது. பாடுபடுகிறோம் என்ற உணர்வுதான் மட்டுப்படுகிறது.

இதற்குக் காரணம் கவனத்தின் அளவு. ஒரே நேரத்தில் மூளை கவனிக்கக்கூடியது கொஞ்சமே. தசையிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் சோர்வுச் செய்திகளோடு பாட்டும் போட்டியிடும்போது அவற்றில் ஒரு பகுதி பின்னுக்குப் போகிறது. இந்தச் சலுகை மிதமான உழைப்பு வரைதான். மூச்சிரைக்க ஓடும் நிலையில் உடலின் கூப்பாடு எந்தப் பாட்டையும் அமுக்கிவிடும்.

அடுத்தது தாளம். மனிதர்கள் இயல்பாக நடக்கையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி வைக்கிறார்கள். காதில் தட்டு விழும் கணத்தை மூளை முன்கூட்டியே அறிவதால், கால் தடுமாறாமல் ஒரே சீராக விழுகிறது. வீண் அசைவு குறைகிறது. மிதிவண்டிப் பயிற்சியில் தாளத்தோடு ஒத்து மிதித்தவர்களுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவான ஆக்சிஜனே தேவைப்பட்டதாக 2012-இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. ஒரு பாட்டு தன் நடைக்குப் பொருந்துமா என்று பார்ப்பது எளிது: 15 விநாடியில் விழும் தட்டுகளை எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். சமதளத்தில் வேகநடை போடுபவருக்கு 120-ஐ ஒட்டிய பாட்டு ஒத்துவரும். அதே பாட்டோடு பண்பொழி திருமலைக் கோயில் படிகளில் தட்டுக்கு ஒரு படி ஏறினால் பாதியிலேயே நெஞ்சு அடைக்கும். இரண்டு தட்டுக்கு ஒரு படி என்று வைத்தால் மூச்சு தாங்கும். வேகமான பாட்டெல்லாம் நல்ல பாட்டு என்ற நினைப்பு பலரையும் இப்படித்தான் களைப்பில் தள்ளுகிறது.

கேட்பதைவிட, தானே இசையை உண்டாக்குவது கூடுதலாக உதவுகிறது. 2013-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், உடற்பயிற்சிக் கருவிகளை அசைக்க அசைக்க இசை பிறக்கும்படி அமைத்தனர். வெறுமனே இசை கேட்டவர்களைவிட அவற்றில் உழைத்தவர்கள் குறைந்த சிரமத்தையே உணர்ந்தார்கள். காவடிக் கூட்டத்தின் வலிமையும் இங்கேதான் இருக்கிறது: நடப்பவரே பாடுகிறார், பாடுபவரே தாளம் போடுகிறார். மிதமான உழைப்பில் பேச முடியும், தொடர்ந்து பாட முடியாது என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் எளிய சோதனை. மாறி மாறிப் பாடும் முறை அந்தத் தடையையும் தாண்டிவிடுகிறது. காலை நடைக்குக் குழுவாகச் செல்பவர்கள் ஆளுக்கொரு செவிக்கருவி மாட்டிக்கொள்வதற்குப் பதில் இதைச் செய்து பார்க்கலாம்.

பழக்கமும் நினைவும் கடைசியாக வருபவை என்றாலும் சிறியவை அல்ல. இத்துறையில் நெடுங்காலம் உழைத்த லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ், தாளம், இசையமைப்பு ஆகியவற்றோடு கேட்பவரின் பண்பாட்டையும் அவர் மனத்தில் பாட்டோடு ஒட்டிய நினைவுகளையும் கணக்கில் சேர்த்தார். கோயில் கொடையில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவருக்குத் தவிலும் பம்பையும் கொடுக்கும் முறுக்கை, எங்கோ தயாரித்த உடற்பயிற்சிப் பாட்டுப் பட்டியல் கொடுக்காது. எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-இல் உள்ளரங்க 2,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தபோது, தனக்குப் பழகிய 'ஸ்கேட்மேன்' பாட்டைத்தான் அரங்கில் ஒலிக்கக் கேட்டுக்கொண்டார்.

பயிற்சி முடிந்ததும் தாளத்தைப் படிப்படியாகத் தளர்த்துவது நல்லது. ஒலியளவிலும் கவனம் வேண்டும்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு. தென்காசி வழியே போகும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையோரம் விடியலில் நடப்பவர்கள் ஒரு காதையாவது திறந்து வைத்திருக்க வேண்டும். பின்னால் வரும் லாரியின் ஒலி பாட்டுக்கு மேல் கேட்கும்படி.