கடனுக்கு வந்த வெளிச்சம்

எண்ணெயை முழுவதும் இறக்குமதி செய்யும் ஒரு நாட்டில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, அதாவது வெளிநாட்டுச் சரக்குக்கு விலைகொடுக்க மத்திய வங்கி வைத்திருக்கும் டாலர் போன்ற நாணயங்களின் தொகை, வற்றிவிட்டால் மின்சாரமும் போக்குவரத்தும் அடுத்தடுத்து முடங்கும். இலங்கையில் 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பில், உடனே செலவிடக்கூடியதாக 5 கோடி டாலர்கூட மிஞ்சவில்லை என்று 2022 மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் கூறினார். கச்சா எண்ணெய் வாங்க வழியின்றிச் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை 2021 நவம்பரிலேயே மூடப்பட்டிருந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது.

சமையல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காத நகர வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. அந்தப் புகையில் கலந்துள்ள, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களின் சுமை பெரும்பாலும் சமைக்கும் பெண்கள்மீதே விழுந்தது. வடக்குக் கரையோரச் சிறு படகுகளின் இயந்திரத்தைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம் என்பதால், இரண்டும் இல்லாத நாள்களில் படகுகள் கரையிலேயே கிடந்தன. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, கடலுக்குப் போனாலும் கட்டுப்படியாகாத நிலை வந்தது.

எரிபொருள் வரிசைகளே மோதல் களங்களாகவும் மாறின. ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் காவல்துறை சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 18 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் விசுவமடுவில் எரிபொருள் நிலையமொன்றில் ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் காயமடைந்தனர். உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தைக் கண்ட அந்த மண்ணில், பெட்ரோலுக்காக வரிசையில் நின்றவர்கள்மீது ராணுவத்தின் துப்பாக்கி திரும்பியதை வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகக் கடந்துவிட முடியாது.

நெருக்கடியின் நீண்ட விளைவு ஒப்பந்தங்களில்தான் தெரிகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியையும் காற்றையும் இணைத்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டு, தமிழ்நாட்டுக் கரைக்கு அருகே சீனா காலூன்றுவதை இந்தியா எதிர்த்ததால் நின்றுபோய், எரிபொருளுக்கு இந்தியா 50 கோடி டாலர் கடன் வசதி அளித்ததற்கு அடுத்த மாதம், 2022 மார்ச்சில், இந்திய மானியத் திட்டமாக மாறியது. தீவு மக்களின் மின்தேவை இரு வல்லரசுகளின் கணக்குக்குள் சிக்கியது. அதே ஆண்டு ஜனவரியில் திருகோணமலையின் 61 எண்ணெய்த் தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் பங்குபெறும் கூட்டு நிறுவனத்துக்கு என முடிவாகியிருந்தது.

ஜூனில் நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, மின்னுற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி ஏலம் கட்டாயம் என்ற விதியை நீக்கியது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனத்தின் 484 மெகாவாட் காற்றாலைகள் ஏலமின்றியே திட்டமிடப்பட்டன. காற்றாலை தூய ஆற்றல்தான். ஆனால் மன்னார், மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதை முடியும் இடம், ராம்சர் ஈரநிலமான வங்காலைச் சரணாலயம் உள்ள மாவட்டம். சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் செல்ல நேர்ந்ததே, இடத்தேர்வு பற்றிய கேள்விகள் உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. 2024இல் பதவிக்கு வந்த புதிய அரசு மின்சாரத்தின் விலையைக் குறைக்கப் பேசத் தொடங்கிய நிலையில், 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.