மூன்றாம் மாடியில் ஒரு வேலை

எங்கள் வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் பெரும்பாலும் பாட்டுக் கேட்பார்கள். ஓர் இளைஞர் மட்டும் சட்டம் கேட்டார். கணக்கியல் படித்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். தொலைபேசி நேர்காணலில் தேர்வாகிவிட்டார். அலுவலகமோ கடைவீட்டு வரிசையில் மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. விஷயம் தெரிந்ததும் நிறுவனம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. "இதை யாரிடம் புகார் செய்வது அக்கா?" என்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடம், போக்குவரத்து, கல்வி எனப் பலவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 29ஆவது பிரிவு வேலைக்கானது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த உரிமையை மறுக்கும் முதலாளிக்கு என்ன தண்டனை என்று பார்த்தால், 2008இல் இயற்றிய சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினாலே நமக்குச் சம்மன் வருகிறது! 41ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், நல்லெண்ணத்துடன் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது என்கிறது.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 2010இல் ஏற்றது. தனிமனிதர் ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் கூடுதல் உடன்படிக்கையில் மட்டும் சேரவில்லை. அரசுத் துறையில் 1 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. சுஹாகாம் புகாரை விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. அந்தத் தம்பியிடம் சுஹாகாமுக்கு எழுதச் சொன்னேன். இவ்வளவுதானா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. 'பால்' என்ற சொல் 2001இல் திருத்தம் செய்து சேர்த்தது. அப்போது ஒரு சொல்லைச் சேர்க்க முடிந்தது என்றால், உடற்குறையையும் சேர்க்க முடியும். இதைக் கேட்க வேண்டியது மாற்றுத்திறனாளிகள் மட்டுமா? தேர்தல் நேரத்தில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் சாலை, சாக்கடையோடு இதையும் கேட்கலாமே.

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். மாடியில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, "வாங்க, நாலு பேர் தூக்கிவிடுவோம்" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணை நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு படியேறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் ஏன் 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி வராமல் இருக்கிறார் என்று புரியும்.

நம்மில் சொந்தத் தொழில் செய்வோர் நிறைய. மாற்றுத்திறனாளி ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு உண்டு. அவருக்காக வாங்கும் கருவிகளின் செலவையும் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கணக்காய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுதுகிற வேலைக்கு மூன்றாம் மாடி கட்டாயமும் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு மேசை போதும், வீட்டிலிருந்தே செய்தாலும் கணக்குச் சரியாகத்தான் வரும்.