பூனைக்குப் பால் வார்ப்பவர்களே!

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தரிசித்து வந்த நேயர்கள், அங்குள்ள சிறிய சமாதிகளைப் பார்த்திருப்பார்கள். பசு லக்ஷ்மி, ஒரு மான், ஒரு காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியோர் அங்கே அடக்கமாகியிருக்கின்றனர். 'ஆகியோர்' என்று நாம் எழுதியது கைப்பிழையன்று. ரமண மகரிஷி பிராணிகளை 'அது' என்று குறிப்பிடுவதில்லை. 'அவன்', 'அவள்' என்றே சொல்வார். 1926ஆம் ஆண்டு கன்றாக வந்த லக்ஷ்மி, 1948 ஜூன் 18ஆம் தேதி காலமானாள். ஜாக்கி நோயுற்றபோது மகரிஷி மெத்தென்ற படுக்கை அமைத்து, அருகிலிருந்து கவனித்தார்.

ஜீவகாருண்யம் என்பது இரக்கப்படுவது மட்டுமன்று. அறிந்து பணிவிடை செய்வதுமாகும். இந்த உண்மை நம் வீட்டுப் பூனைக்கு வயிறு கெடும்போது நன்கு விளங்கும்.

பாவம், பூனை சோர்ந்து படுத்திருக்கிறதே என்று இரங்கி நாம் செய்யும் முதற்காரியம் என்ன? ஒரு கிண்ணம் பால் வார்ப்பதுதான்! பாற்கடலையே நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குக் கம்பரே தம்மை ஒப்பிட்டிருக்கிறார் அல்லவா? ஆசை வேறு, ஜீரணசக்தி வேறு. பால்குடி மறந்த பூனைகளில் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, வயிற்றுப் போக்கை அதிகப்படுத்தும். ஆகவே, முதல் வைத்தியம் பாலை நிறுத்துவதே.

சுத்தமான தண்ணீரை எப்பொழுதும் அருகில் வைக்க வேண்டும். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழி இறைச்சியை, எலும்பு நீக்கி, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். சைவக் குடும்பத்தினர் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். ஆனால் பூனையின் உடலமைப்பு மாமிச உணவுக்கே ஏற்பட்டது. அதில் கிடைக்கும் டாரின் என்னும் சத்து குறைந்தால், நாளடைவில் கண் பார்வை கெடும், இருதயமும் பலவீனமடையும். வீட்டில் மாமிசம் சமைக்க இயலாதவர்கள், கடையில் விற்கும் பூனை உணவை வாங்கிக் கொடுப்பது உத்தமம்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்ற விதியும் பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் உண்ணாமலிருந்தால், முக்கியமாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையோ பூனைக்கு விஷம். மனிதருக்கான எந்த மருந்தையும் நாமாகக் கொடுத்தல் கூடாது.

மலத்தில் இரத்தம் காணுதல், ஓயாத வாந்தி, கிள்ளி விட்ட தோல் உடனே படியாமல் நிற்றல், எழுந்திருக்க மாட்டாத சோர்வு ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைக் கண்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளில் போக்கு நிற்காவிடினும் அவ்வாறே. குட்டிகளாயின் அந்த ஒரு நாளும் காத்திருக்கலாகாது. பான்லூகோபீனியா என்னும் கொடிய தொற்று நோய் குட்டிகளை விரைவில் மாய்த்துவிடும். அதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. வயிற்றுப் பூச்சிக்கும் மருத்துவரைக் கேட்டே மருந்து கொடுப்பது நலம்.

பாலைக் கண்டதும் ஓட்டம் பிடித்த தெனாலிராமன் பூனையைப் பற்றிச் சிரித்திருக்கிறோம். வயிற்றைப் பொறுத்தவரையில் அந்தப் பூனையே புத்திசாலி! மற்றப் பூனைகளுக்கு அந்த ஞானம் இல்லை. பால் வார்க்கும் நாம்தான் அவற்றிற்காக அதைப் பெற வேண்டும்.