காகிதக் குழாய் தாங்கிய கூரை

ஜவுளிக்கடையில் துணிச்சுருள் தீர்ந்ததும் நடுவில் ஓர் அட்டைக் குழாய் மிஞ்சும். அப்படிப்பட்ட குழாய்களை நெருக்கமாக நிறுத்திச் சுவர் எழுப்பி, அதற்குள் குடும்பங்கள் குடியிருந்திருக்கின்றன. இடம் ஜப்பானின் கோபே நகரம், ஆண்டு 1995.

அந்த ஜனவரி 17 அதிகாலையில் வந்த நிலநடுக்கம் 6,400க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. நகாதா பகுதியில் இருந்த வியட்நாம் அகதிகள் பலர், பிழைப்பை விட்டுத் தொலைவுக்குப் போக முடியாமல் பூங்காவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தார்கள். அவர்களைத் தேடிப் போனவர் ஷிகெரு பான், 37 வயதுக் கட்டடக் கலைஞர். மணல் மூட்டை நிரப்பிய பீர் பெட்டிகள் அஸ்திவாரம், காகிதக் குழாய்கள் சுவர், கூடாரத் துணி கூரை. கட்டிக் கொடுத்தவர்கள் மாணவத் தொண்டர்கள்.

காகிதம் எப்படிக் கூரையைத் தாங்கும்? ஒரு தாளை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினால் மடங்கி விழும். அதையே உருளையாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு நிறுத்துங்கள், கனமான புத்தகத்தையும் தாங்கும். ஒல்லியான தூண் பெரும்பாலும் நசுங்கி உடைவதில்லை, பக்கவாட்டில் வளைந்துதான் விழுகிறது. நடு அச்சிலிருந்து பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வளைய மறுக்கும். அதே அளவு காகிதத்தை இரண்டு மடங்கு விட்டமுள்ள குழாயாகச் சுற்றினால், வளைவை எதிர்க்கும் திறன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. மூங்கில் உள்ளே வெற்றிடத்தை வைத்துக்கொண்டு உயர்ந்து நிற்பதும் இதனால்தான். ஆனால் சுவர் அளவுக்கு மீறி மெலிந்தால் ஓரிடத்தில் நெளிந்துவிடும். அதனால் காகிதப் பட்டைகளைப் பசை தடவித் திருகு திருகாகப் பல அடுக்கு சுற்றுகிறார்கள். கோபே வீட்டுக் குழாய்களின் தடிமன் 4 மில்லிமீட்டர்தான்.

காகிதத்துக்கு எதிரிகள் இரண்டு: நீரும் காலமும். நனைந்தால் இழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு தளரும். நெடுநாள் பாரம் சுமந்தால் மெல்ல மெல்ல உருமாறும். ஈரம் புகாத பூச்சு, குழாய்களுக்கு நடுவே நீர் புகாத பஞ்சுப் பட்டை, தாங்கும் திறனில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்தும் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் விடை வேண்டும். பான் இலவசமாகக் கொடுத்தது இந்தக் கணக்கைத்தான். பணமோ அரிசியோ யாரும் தரலாம், இதைத் துறை தெரிந்தவர்தான் தர முடியும்.

ருவாண்டாவில் 1994இல் இனப்படுகொலையும் போரும் நடந்தபோது தப்பி ஓடிய லட்சக்கணக்கானோருக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு பிளாஸ்டிக் விரிப்பு கொடுத்தது. அதை நிறுத்தக் கழி வெட்டியதில் காடு அழிந்தது. அலுமினியக் கழி கொடுத்தார்கள், காசு பெறும் பொருள் என்பதால் அகதிகள் அதை விற்றுவிட்டு மறுபடியும் மரம் வெட்டினார்கள். காகிதக் குழாயை யார் வாங்குவார்? அதையே கழியாக்கும் பானின் யோசனை ஏற்கப்பட்டு, 1999இல் அங்கே 50 குடில்கள் சோதனையாக எழுந்தன.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, ஒரே வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகாதது. குஜராத்தின் புஜ் நகரில் 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு பீர் பெட்டி கிடைக்கவில்லை. இடிந்த வீடுகளின் செங்கல், கல்லையே அஸ்திவாரமாக்கி, மண் தரை மெழுகி, மூங்கில் கூரை வேய்ந்தார். சுனாமிக்குப் பின் இலங்கையின் கிரிந்தையில் காகிதமே இல்லை, அழுத்திச் செய்த மண் கற்களால் வீடுகள்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் உடற்பயிற்சிக் கூடங்களில் குடும்பங்கள் மறைப்பே இன்றிப் படுத்திருந்தன. காகிதக் குழாய்ச் சட்டமும் துணித் திரையும் கொண்டு ஏறத்தாழ 50 முகாம்களில் 1,800 தடுப்பறைகளை அவருடைய குழு அமைத்தது. ஆணி, திருகு எதுவும் வேண்டாம், குழாயைக் குழாயில் செருகினால் போதும். உடை மாற்ற, குழந்தைக்குப் பால் கொடுக்க, அழ ஓர் இடம். கட்டடக் கலையில் இதைவிட அவசரமான வேலை இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2014இல் பானுக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

நம் கடற்கரையிலும் புயலுக்குப் புயல் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் நிரம்பி வழிகின்றன. கட்டடக் கலை படிப்பவர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊர் மண்டபத்தை அளந்து, எத்தனை குடும்பம், எங்கே திரை என்று வரைந்து ஊராட்சியிடம் கொடுத்து வையுங்கள்.